அளந்து சொல்கிறேன்: டிரோன் படமும் சர்வே கல்லும்

போன மாதம் இந்தப் பகுதியில் டிரோன் அளவை பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களே இந்த மாதத்துக்குப் போதும் என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். நில அளவைச் சங்கிலி பிடித்து வேலை பழகி, ஓய்வுக்குப் பிறகு டிரோன் வைத்திருக்கும் பையன்களோடு மதுரைச் சுற்றுவட்டாரத்தில் அலைந்துகொண்டிருப்பவன் நான். அந்த அனுபவத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

உசிலம்பட்டி வாசகர்: எங்கள் புஞ்சைக்கும் பக்கத்துப் புஞ்சைக்கும் நடுவே சுமார் 200 மீட்டர் நீளத்துக்கு வரப்பு ஓடுகிறது. தனியார் ஒருவரை வைத்து டிரோன் பறக்கவிட்டு, அந்தப் படத்தின் மேல் புலப்படத்தை, அதாவது சர்வே துறையின் எல்லை வரைபடத்தை, பொருத்திப் பார்த்தோம். பக்கத்துக்காரர் எங்கள் நிலத்தில் 11 சென்ட் ஏறியிருப்பதாகக் காட்டுகிறது. இதை வைத்து வேலி போட்டுவிடலாமா?

போடாதீர்கள். முதலில் அந்த 11 சென்டைப் பிரித்துப் பார்ப்போம். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஆக 11 சென்ட் என்பது சுமார் 445 சதுர மீட்டர். 200 மீட்டர் நீளத்தால் வகுத்தால் அகலம் 2.2 மீட்டர் வரும். உங்கள் சண்டை மொத்தமும் அந்த 2.2 மீட்டரில்தான் இருக்கிறது. கல்யாண வீட்டில் பறக்கும் சாதாரண டிரோனில் உள்ள ஜி.பி.எஸ்., தான் இருக்கும் இடத்தையே இரண்டு மூன்று மீட்டர் முன்பின்னாகத்தான் சொல்லும். தரையில் கட்டுப்பாட்டுப் புள்ளிகள் (இடத்தைத் துல்லியமாக அளந்து வைக்கும் அடையாளங்கள்) வைக்காமல் எடுத்த படமாக இருந்தால், படம் மொத்தமும் ஒரு பக்கமாக நகர்ந்து உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நீங்களே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அதே படத்தில் உங்கள் நிலத்தின் எதிர்ப்பக்க வரப்பைப் பாருங்கள். அங்கே நீங்கள் அடுத்தவர் நிலத்தில் ஏறக்குறைய அதே 2.2 மீட்டர் ஏறியிருப்பதாகக் காட்டுகிறதா? அப்படியானால் நிலம் எங்கும் போகவில்லை, படம்தான் நகர்ந்திருக்கிறது. இன்னொன்றையும் கேளுங்கள்: புலப்படத்தைப் படத்தின் மேல் எப்படிப் பொருத்தினார்? நம் பழைய புலப்படத்தில் கல்லுக்குக் கல் தூரம் எழுதியிருக்குமே தவிர, அட்சரேகை தீர்க்கரேகை இருக்காது. கணினியில் அதை இழுத்து, திருப்பி, கண்ணுக்குச் சரியென்று பட்ட வரப்பு மூலையில் ஒட்டியிருப்பார். வரப்பு சரியா தப்பா என்பதுதான் கேள்வியே. வரப்பில் ஒட்டிய புலப்படத்தை வைத்து வரப்பையே சோதிப்பது என்ன நியாயம்?

சரி, நல்ல கருவி, நல்ல ஆள், 3 சென்டிமீட்டர் துல்லியம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வானத்திலிருந்து தெரிவது வரப்புதான். ஏர் ஓட்டி ஓட்டி ஒதுங்கி, மழையில் கரைந்து, மறுபடி மண் அணைத்து நிற்கிற வரப்பு அது. எல்லை என்பது புலப்படத்தில் எழுதிய அளவிலும், அந்த அளவுக்கு நட்ட கல்லிலும் இருக்கிறது. 1923-ஆம் வருட நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் இன்றும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. கல்லைப் பேணும் பொறுப்பையும் அது நிலத்துக்காரர் தலையில்தான் வைத்திருக்கிறது. டிராக்டர்க்காரர் கல்லைப் பிடுங்கி வேலியோரம் போட்டுவிட்டுப் போனதைப் பார்த்தும் சும்மா இருப்பவர்கள் கவனிக்க.

முறைப்படி அளக்கக் கேட்டு ஆன்லைனிலேயே விண்ணப்பித்துப் பணம் கட்டலாம். சர்வேயர் வந்தால் வரப்பை அளக்க மாட்டார். முதலில் அசையாமல் நிற்கிற கற்களைத் தேடுவார். மூன்று கிராமம் சேரும் முக்கூட்டுக்கல் பக்கத்தில் கிடைத்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. கிடைத்த கற்களுக்குள் உள்ள தூரம் புலப்படத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஜி லைன் என்கிற நேர்கோட்டைப் போட்டு, அதிலிருந்து செங்குத்தாக அளந்து ஒவ்வொரு வளைவையும் பிடிப்பார். அந்த இடத்தில் பக்கத்துக்காரரும் நின்றால் பிற்பாடு பேச்சு குறையும். உங்கள் டிரோன் படத்தையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கிணறு எங்கே, பாதை எங்கே, யார் எதுவரை உழுகிறார்கள் என்று இரு தரப்பும் ஒரே தாளைப் பார்த்துப் பேச உதவும்.

டி.கல்லுப்பட்டி வாசகர்: வடக்கே டிரோன் பறக்கவிட்டு வீட்டுக்கு வீடு சொத்து அட்டை கொடுக்கிறார்களாமே? அங்கே மட்டும் வானத்திலிருந்து எல்லை தெரிந்துவிடுகிறதா?

தெரிவதில்லை. நீங்கள் சொல்வது சுவாமித்வா திட்டம், 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கியது. மத்திய அரசின் நில அளவைத் துறையான சர்வே ஆஃப் இந்தியா பறக்கவிடுகிறது. ஆனால் பறப்பதற்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்பதைப் பாருங்கள். ஊராரும் அலுவலர்களும் தெருத் தெருவாக நடந்து, ஒவ்வொரு மனையைச் சுற்றியும் சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறார்கள். சண்டை சச்சரவு எல்லாம் அந்தக் கோடு போடும்போதே நடந்து முடிந்துவிடும். டிரோன் படம் பிடிப்பது அந்த வெள்ளைக் கோட்டைத்தான்.

தமிழ்நாடு இதில் முன்னோட்டக் கட்டத்தோடு நின்றுவிட்டது. நம் ஊர் நத்தங்களை நத்தம் நிலவரித் திட்டத்தில் முன்பே அளந்து தோராயப் பட்டா, தூய பட்டா என்று கொடுத்திருக்கிறார்கள். வடக்கே பல ஊர்களில் குடியிருப்புப் பகுதிக்கு அப்படி ஒரு காகிதமே இருந்ததில்லை.

மதுரை, பழங்காநத்தம் வாசகர்: டிரோன் வருவதற்கு முன்பு வானத்திலிருந்து எப்படி வரைபடம் போட்டார்கள்? விமானத்தில் போய் ஒரு படம் எடுத்தால் அதுவே வரைபடம்தானே?

நல்ல கேள்வி. இல்லை, அது வரைபடம் ஆகாது. ஏன் என்பதை மீனாட்சி அம்மன் கோயிலை வைத்தே சொல்லலாம். பொற்றாமரைக் குளத்துக்கு நேர் மேலே விமானம் வரும்போது ஒரு படம் எடுத்தால், நான்கு வெளிக் கோபுரங்களும் நான்கு திசையில் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கும். அடித்தளம் சரியான இடத்தில் இருக்கும், உச்சி மட்டும் தள்ளிப் போயிருக்கும். படத்தின் நடுவிலிருந்து விலக விலகச் சாய்வு கூடும்.

அந்தக் காலத்து விமானக் கேமராவில் பிலிம் 23 சென்டிமீட்டர் சதுரம். லென்சின் குவியத் தூரம் பெரும்பாலும் 152 மில்லிமீட்டர். தரைக்கு மேல் 1,520 மீட்டரில் பறந்தால் படத்தின் ஸ்கேல் 1:10,000, அதாவது படத்தில் ஒரு சென்டிமீட்டர் தரையில் 100 மீட்டர். இப்போது 50 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று படத்தின் நடுவிலிருந்து 8 சென்டிமீட்டர் தள்ளி விழுகிறதென்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் உச்சி படத்தில் 2.6 மில்லிமீட்டர் வெளியே நகரும். தரையில் அது 26 மீட்டர். கோபுரத்துக்கு இந்தக் கதி என்றால் யானைமலையும் நாகமலையும் ஓடுகிற படத்தில் எதை நம்பி அளப்பது?

அந்தத் தொந்தரவையே உபாயமாக மாற்றிக்கொண்டார்கள். ஒரே இடத்தை இரண்டு இடத்திலிருந்து படம் எடுத்தால், உயரமான பொருள் இரண்டு படத்திலும் வேறு வேறு அளவு நகர்ந்திருக்கும். அந்த வித்தியாசத்திலிருந்து உயரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். அதனால் விமானம் போகிற திசையில் படத்துக்குப் படம் 60 சதவீதம், பக்கத்து வரிசையோடு 30 சதவீதம் மேற்பொருந்தும்படி எடுப்பார்கள். ஜோடிப் படங்களை, ஒரு கண்ணுக்கு ஒரு படமாகக் காட்டும் ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்து, ஒன்றை மட்டும் மெல்ல நகர்த்திக்கொண்டே வந்தால், ஒரு கணத்தில் தட்டையான காகிதத்திலிருந்து மலை எழுந்து நிற்கும். பயிற்சியில் அதை முதலில் பார்த்தபோது பக்கத்தில் இருந்தவர் ‘ஐயோ’ என்று கத்திவிட்டார். இன்றைக்கு டிரோனும் இதே வேலையைத்தான் செய்கிறது. மேற்பொருத்தம் 75, 80 சதவீதம் என்று கூடியிருக்கிறது, கண்ணுக்குப் பதில் கணினி பார்க்கிறது, அவ்வளவுதான். சாய்வெல்லாம் திருத்தி நிமிர்த்திய பிறகுதான் அதன் மேல் ஸ்கேல் வைக்கலாம்.

மேலூர், கல்லூரி மாணவி: எங்கள் பக்கத்துக் குவாரிகளில் எவ்வளவு கல் வெட்டினார்கள் என்று வானத்திலிருந்தே கணக்கிட முடியுமா?

முடியும், மேலூரிலேயே செய்திருக்கிறார்கள். 2012-இல் கிரானைட் குவாரிகளைக் கணக்கெடுத்தபோது அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்திலிருந்து ஆளில்லா விமானம் கொண்டுவந்து படம் எடுத்தார்கள். டிரோன் என்ற பேச்சு நம் டீக்கடைக்கு வருவதற்கு முன்னால் நடந்தது அது.

மேற்பொருந்திய படங்களிலிருந்து பள்ளத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் உயரம் கிடைக்கும். வெட்டுவதற்கு முன்பிருந்த தரையின் உயரத்திலிருந்து இதைக் கழித்தால் கன அளவு வந்துவிடும். 100 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம், 20 மீட்டர் ஆழம் என்றால் 1,20,000 கன மீட்டர். கிரானைட் ஒரு கன மீட்டர் சுமார் 2.7 டன், ஆக 3,24,000 டன். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் எங்கே என்றால், வெட்டுவதற்கு முன்பிருந்த தரை. அது இப்போது இல்லை. புலப்படத்தில் நீள அகலம் உண்டு, உயரம் கிடையாது. சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. ஒரு முழுப் பாறையே இரண்டு கோட்டுக்கு நடுவில் ஒளிந்துகொள்ளும். பள்ளத்தின் விளிம்பில் வெட்டாமல் மிச்சமிருக்கும் தரையை வைத்து முன்பிருந்த மேட்டை ஊகித்துப் போட வேண்டியிருக்கும். வழக்கென்று வந்தால் எதிர்த் தரப்பு வக்கீல் பிடிப்பது சரியாக அந்த ஊகத்தைத்தான்.

இன்னொன்று தண்ணீர். கைவிட்ட குவாரிகளில் பச்சையாகத் தேங்கி நிற்கிறதே, அதன் அடி படத்தில் வராது. நீர்மட்டத்தையே தரை என்று எடுத்துக்கொள்ளும், சில சமயம் அதுவும் குழம்பும், ஏனென்றால் அலையும் பளபளப்பும் படத்துக்குப் படம் மாறுகிறது. தண்ணீரை இறைத்துவிட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் படகில் போய் ஆழம் பார்த்துக் கூட்ட வேண்டும்.

கள்ளிக்குடி விவசாயி: எங்கள் கண்மாயைத் தூர்வாரும் முன் ஆயக்கட்டுக்காரர்கள் சேர்ந்து டிரோன் அளவை செய்தோம். கரையின் உயரம், பழைய அளவில் இருந்ததைவிட சுமார் 90 மீட்டர் குறைவாகக் காட்டுகிறது. பையன் ஏமாற்றிவிட்டானா?

ஏமாற்றவில்லை, ஆனால் சொல்லாமல் விட்டுவிட்டான். இந்த மாதக் கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வேலிச் சண்டையை விடக் கண்மாய்க்குத்தான் டிரோன் அதிகம் பயன்படும் என்பது என் கட்சி.

பழைய அளவில் எழுதியிருப்பது சராசரிக் கடல் மட்டத்திலிருந்து உயரம். ஜி.பி.எஸ்.-க்குக் கடல் தெரியாது. பூமியைச் சற்றே தட்டையான, வழவழப்பான ஒரு உருண்டையாகக் கணக்கில் வைத்துக்கொண்டு, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து உயரம் சொல்கிறது. நிஜக் கடல் மட்டமோ ஈர்ப்பு விசைக்குத் தக்க மேடும் பள்ளமுமாக இருக்கிறது. உலகத்திலேயே பெரிய பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் இருக்கிறது, சுமார் 106 மீட்டர். நாம் அந்தப் பள்ளத்தின் சரிவில்தான் குடியிருக்கிறோம். மதுரைப் பக்கம் அந்த வித்தியாசம் 90 மீட்டரை ஒட்டி வரும். பக்கத்தில் பெஞ்ச்மார்க் கல் (கடல் மட்டத்திலிருந்து உயரம் குறித்த கல்) ஏதாவது இருந்தால் அதிலிருந்து மட்டம் எடுத்து வந்து, எல்லா உயரத்தோடும் அந்த வித்தியாசத்தைக் கூட்டச் சொல்லுங்கள். ஒரே கண்மாய்க்குள் இந்த ஒரு கூட்டல் போதும். பல மைல் ஓடுகிற கால்வாய்க்கு மட்டும் இடத்துக்கு இடம் பார்க்க வேண்டும்.

நீங்கள் நிஜமாகக் கவலைப்பட வேண்டியது வேறு. உங்கள் கண்மாயின் உள்வாய், அதாவது தண்ணீர் நிற்கும் பரப்பு, 40 ஹெக்டேர் என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 30 சென்டிமீட்டர் வண்டல் என்றால் 1,20,000 கன மீட்டர். ஒரு மில்லியன் கன அடி என்பது 28,317 கன மீட்டர், ஆக நாலேகால் மில்லியன் கன அடித் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் நிற்கிறது. இந்தக் கணக்கில் உயரம் 10 சென்டிமீட்டர் தப்பினால் 40,000 கன மீட்டர் தப்பும். மூன்றில் ஒரு பங்கு! லாரிக் கணக்கில் எவ்வளவு பணம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

அந்தத் தப்பு எப்படி வரும்? கட்டுப்பாட்டுப் புள்ளிகளைக் கரையோரம் மட்டும் வைப்பார்கள், அங்கேதான் பைக் போகும். லென்சின் வளைவைக் கணினி முழுசாகத் திருத்தாமல் விட்டால், ஓரமெல்லாம் சரியாக இருந்து நடுப்பகுதி மட்டும் மேடாக உப்பியோ குழிந்தோ வரும். கண்மாயின் நடு உப்பினால் இல்லாத வண்டல் வந்துவிடும், குழிந்தால் இருக்கிற வண்டல் மறைந்துவிடும். அதனால் வெயிலைப் பார்க்காமல் உள்வாயின் நடுவிலும் நடந்துபோய்ப் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரு தடவை நீளவாக்கில் பறந்தால் இன்னொரு தடவை குறுக்காகவும் பறக்கட்டும், கேமராவைக் கொஞ்சம் சாய்த்தும் எடுக்கட்டும். கணக்கில் சேர்க்காத சில புள்ளிகளில் நீங்களே மட்டம் பார்த்து, வந்த முடிவோடு ஒத்துப் பாருங்கள்.

சீமைக்கருவேலம் அடைத்துக்கிடந்தால் படத்தில் வருவது மரத்தின் தலை உயரம், கண்மாயின் அடி அல்ல. வெட்டிவிட்டுப் பறக்கவிடுங்கள். சித்திரை, வைகாசியில் அடி காய்ந்திருக்கும்போது எடுப்பது உத்தமம். அதைத் தவறவிட்டால் ஆடி வந்துவிடும். அம்மியே பறக்கும் காற்றில் டிரோன் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எதிர்க்காற்றில் பேட்டரி பாதியிலேயே தீரும், படங்களின் மேற்பொருத்தமும் கெடும். மடை, கலுங்கு (நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) இரண்டின் அடிமட்டத்தையும் கையாலேயே தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். செடி மூடிய கலுங்குப் படியை எந்த டிரோனும் சரியாகப் பிடித்து நான் பார்த்ததில்லை. எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்பதை முடிவு செய்வதே அந்தக் கலுங்குதான்.

சோழவந்தான் வாசகர்: தென்னந்தோப்பில் டிரோன் படம் எடுத்தால் மட்டையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. லைடார் என்று ஒன்று இருக்கிறதாமே, அதில் வரப்பு தெரியுமா?

தெரியும். லைடார் படம் பிடிப்பதில்லை, லேசர் துடிப்பை அனுப்பி அது தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளக்கிறது. 100 மீட்டர் உயரத்திலிருந்து போய்வர ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட ஆகாது, முக்கால் பங்குக்கும் குறைவு. ஒரே துடிப்பில் கொஞ்சம் மட்டையில் பட்டு முதலில் திரும்பும், மீதி இடுக்கு வழியாக இறங்கித் தரையில் பட்டுக் கடைசியில் திரும்பும். கடைசியில் வந்ததை மட்டும் பொறுக்கினால் தோப்புக்குக் கீழே உள்ள தரை கிடைக்கும். தென்னையில் இடுக்கு நிறைய உண்டு. அகத்தி அடர்ந்த வெற்றிலைக் கொடிக்காலில் இந்த வித்தை அவ்வளவு சுலபமில்லை.

ஆனால் ஒரு தோப்புக்கு லைடார் கொண்டுவருகிற செலவில் ஒரு வருடத்துத் தேங்காய்க் காசு போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலைச் சரிவு, காட்டாற்று ஓடை, புதிதாகப் போடும் நான்குவழிச்சாலை என்றால் சரி. உங்கள் தோப்பு வரப்புக்கு டேப்பும் இரண்டு ஆளும் ஒரு காலை நேரமும் போதும்.

மதுரை, எல்லிஸ் நகர் வாசகி: மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது மேலே டிரோன் பறந்தது. சர்வே என்கிறார்கள். முகம் தெரியுமா?

100 மீட்டர் உயரத்தில், நேர் கீழே பார்த்து எடுக்கும் அளவைப் படத்தில் ஒரு புள்ளி தரையில் சுமார் 3 சென்டிமீட்டர். உங்கள் தலை அதில் ஆறேழு புள்ளிகள்தான், அதுவும் உச்சந்தலை. முகம் வராது. ஆனால் மாடி உயரத்துக்கு இறங்கி, நின்று நின்று பறந்தால் அது சர்வே அல்ல. அளவை டிரோன் வயல் உழுவதுபோல் வரிசை வரிசையாகப் போய்வரும், யார் வீட்டின் மேலும் நிற்காது. நின்றால் தயங்காமல் காவல் நிலையத்தில் சொல்லுங்கள். பதிவு செய்த டிரோனுக்குத் தனி அடையாள எண் உண்டு, இயக்கியவர் அதைச் சொல்லியாக வேண்டும்.

அவனியாபுரம் வாசகர்: இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான டிரோன் வாங்கியிருக்கிறேன். பிளாட் போடுகிறவர்களுக்கு லே-அவுட் படம் எடுத்துத் தொழில் செய்யலாமா?

தொழில் செய்யலாம், ஆனால் உங்கள் வீட்டு வாசலில் ஆரம்பிக்க முடியாது. 250 கிராமுக்கு மேல் 2 கிலோ வரை உள்ளது மைக்ரோ வகை. விளையாட்டுக்குப் பறக்கவிட்டால் பைலட் சான்றிதழ் வேண்டாம், காசு வாங்கினால் வேண்டும். 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்புத் தேறி, அங்கீகரித்த பயிற்சி மையத்தில் படித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். டிரோனையும் பதிவு செய்ய வேண்டும்.

இடம்தான் உங்கள் பிரச்சினை. 2021 டிரோன் விதிகளின்படி பச்சை மண்டலத்தில் 400 அடி வரை அனுமதி கேட்காமல் பறக்கலாம். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை உள்ள இடத்தில் அந்த உச்சவரம்பு 200 அடி. அதற்கும் உள்ளே அந்தச் சலுகை கிடையாது, அனுமதி இல்லாமல் தரையை விட்டே கிளப்பக் கூடாது. அவனியாபுரம், பெருங்குடி, வலையன்குளம் எல்லாம் அந்த வட்டத்துக்குள் வருகிற ஊர்கள். மனை வியாபாரம் சூடாக இருப்பதும் அங்கேதான் என்பது எனக்கும் தெரியும். அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் மண்டல வரைபடம் இருக்கிறது. வேலை வந்த இடம் எந்த நிறத்தில் இருக்கிறதென்று பார்த்துவிட்டு அட்வான்ஸ் வாங்குங்கள்.